பொழுதுபோக்கும் ஒரு தகுதியே

வேலை கேட்டு வரும் சுயவிபரக் கோவைகளில் கடைசி வரி பெரும்பாலும் ‘வாசிப்பு, கிரிக்கெட்’ என்றே இருக்கும். முதலாளிமார் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் சில வேளைகளில் நல்ல ஊழியர் அந்த வரியில்தான் தெரிவார்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். உயர்தரம் முடித்து வரும் இளைஞனுக்கு முன்னனுபவம் இராது. ‘பழுதான கணினிகளைக் கழற்றிப் பூட்டுவேன்’ என்று எழுதியிருந்தால், அதுவே அவனது அனுபவம். வெறும் ‘கிரிக்கெட்’ எதையும் சொல்லாது. ‘பாடசாலை அணித் தலைவர்’ என்பது பொறுப்பைச் சொல்லும்.

எழுதியதை நேர்முகப் பரீட்சையில் கேட்டுப் பாருங்கள். வாசிப்பு என்றவர் கடைசியாக வாசித்த நூலைச் சொல்லத் தடுமாறினால், மற்ற வரிகளையும் சரிபார்ப்பது நல்லது.

உங்கள் பிள்ளைகள் விண்ணப்பிக்கும்போதும் இதையே சொல்லுங்கள்: வேலைக்குப் பொருந்துவதை எழுதுக, உண்மையை மட்டும் எழுதுக.