வாசலில் நிற்பவர் யார்?

கல்லாவுக்கு வரும் ஐம்பது வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நாம் பெட்டியில் போடுவதில்லை. அரிசி மூட்டை இறங்கினால் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்திடுவதில்லை. ஆனால் கழுத்தில் ஓர் அட்டை தொங்க, "அரசாங்கத்திலிருந்து வருகின்றோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, கேட்ட தொகையையும் நீட்டிவிடுகின்றோம். இந்த மரியாதையை முதலாக வைத்துத்தான் ஏமாற்றுக்காரர் வியாபாரம் நடத்துகின்றார்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பகல் வேளை. நாம் கடையில் இருப்போம். வீட்டில் வயதான உம்மா மட்டும். தீயணைப்புக் கருவியையோ புகை மணியையோ சுமந்துகொண்டு ஒருவர் வருவார். எல்லா வீட்டிலும் இது இருக்கவேண்டுமெனச் சட்டம், இல்லையேல் அபராதம் என்பார். உண்மை யாதெனில், வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவி 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம். பழைய வீடுகளுக்கோ, தீப்பாதுகாப்பைத் தொடும் மாற்றுக் கட்டுமான வேலை நடந்தால்தான். குடிமைத் தற்காப்புப் படை இவற்றை வீடு வீடாக விற்பதுமில்லை. மலேசியாவிலோ மின்சார மீட்டரில் கோளாறு என்று சொல்லி, உடனே ரொக்கம் கொடு, இல்லையேல் துண்டிப்பேன் என்று மிரட்டுவோர் உண்டு.

வாசலுக்கு வராமலே வருகின்றவரும் இருக்கின்றார். 2025-இல் சிங்கப்பூர் உணவுக்கடைக்காரர் பலரிடம் இவர் வேலையைக் காட்டினார். இராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி நூற்றுக்கணக்கில் பொட்டலம் கேட்பார். நமக்கு வாய் நிறையச் சிரிப்பு. மறுநாள், நம் கடையில் இல்லாத ஏதோ ஒரு டின் சரக்கும் வேண்டும், அதை விற்பவரின் எண் இது, நீங்கள் முன்பணம் கட்டிவிடுங்கள், எல்லாம் சேர்த்துத் தந்துவிடுகின்றோம் என்பார். பணம் அனுப்பியதாக வங்கிச் சீட்டின் படமும் வரும். (சிலரிடம் மது கேட்டார்களாம்; நம்மிடம் அது செல்லாது. டின் சரக்கு செல்லுமன்றோ!) சரக்கு விற்பவரும் அவருடைய கூட்டாளியே. முன்பணமும் போகும், ஆக்கிய சோறும் வீணாகும்.

இம்மூவருக்கும் பொதுவானது அவசரம். ஆகவே நாம் செய்யவேண்டியது, காக்கவைப்பதுதான். பெயரைக் கேட்டுக்கொண்டு இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, அவர் தந்த எண்ணை விட்டு, நாமே தேடி எடுத்த எண்ணில் அந்த அலுவலகத்தை அழைக்கவேண்டும். உண்மையான அதிகாரி காத்திருப்பார். படச்சீட்டு பணமாகாது, நம் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்க்கவேண்டும். தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துக்கொள்ளும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிட்டிருக்கின்றதே. இதில் மரியாதைக் குறைவு எங்கே வந்தது?

கடைத் தம்பிமாரை நினைத்தால்தான் நமக்குக் கவலை. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை, சட்டை மடிப்புக் கலையாத ஒருவரைக் கண்டால் நடுங்குகின்றான். அதிகாரியை வெளியே நிறுத்தினால் முதலாளி ஏசுவாரோ என்று இன்னொரு பயம். "நிறுத்து, ஏசமாட்டேன்" என்று அவனிடம் இன்றே சொல்லிவைக்கவேண்டியவர் நாம். வீட்டில் உம்மாவிடமும் அப்படியே.

பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லவேண்டும். பிறகு போலீசில் புகார். சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 என்ற எண்கள் இதற்கென்றே உள்ளன. வெட்கப்பட்டு மூடி வைத்தால், அதே ஆள் மாலையில் பக்கத்துக் கடையில் நிற்பார்.