தொழிலறிந்தவர் தொழிலாசிரியர் ஆவது எப்படி?

ரப்பர் மரம் சீவுவதில் பல ஆண்டு பழகிய ஒருவரிடம், வேலைக்குப் புதிதாக வந்த இளைஞன் ஒருவனை ஒப்படைத்துப் பாருங்கள். "நான் வெட்டுவதைப் பார், அதைப் போலவே நீயும் வெட்டு" என்றுதான் அவர் பெரும்பாலும் தொடங்குவார். அவர் கையில் கத்தி பட்டையின்மேல் வழுக்கிச் செல்கிறது. மெல்லிய சீவல் விழுகிறது. பால் வெட்டுக்கோட்டின் வழியே இறங்கி மங்கில் சொட்டுகிறது. இளைஞன் கத்தியை வாங்குகிறான். முதல் வெட்டில் பால் போதவில்லை; இரண்டாவது வெட்டில் மரத்தில் காயம் பட்டுவிடுகிறது. "உனக்குக் கை வரவில்லை" என்று தீர்ப்பும் சொல்லப்படுகிறது. குறை அந்த இளைஞனின் கையில் மட்டுமா இருக்கிறது? இக்கேள்வியிலிருந்தே இம்மாதப் பாடத்தைத் தொடங்குவோம்.

வேலை தெரிதல் வேறு, கற்பித்தல் வேறு

பால்வெட்டுக்குத் திட்டமான முறை உண்டு. வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து, வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் அமைய வேண்டும். பட்டையினுள் இருக்கும் பால்குழாய்கள் நேர்க்குத்தாக அமையாமல் வலப்புறம் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. எனவே, இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டே அதிகமான குழாய்களைத் திறக்கிறது. கத்தி, மரம் வளர்வதற்கு ஆதாரமான உட்படலத்தைத் தொடாமல், அதற்கு வெளியே சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் பால் குறையும். அதைக் கடந்துவிட்டால் மரம் புண்படும். புதுப்பட்டையும் மேடுபள்ளமாக வளரும்.

மூத்த தொழிலாளியின் கை இவை அனைத்தையும் அறியும். ஆனால், கை அறிந்ததை வாய் சொல்வதில்லை. பழக்கம் முற்ற முற்ற, தாம் என்ன செய்கிறோம் என்பதையே மனிதர் எண்ணிப் பார்ப்பதில்லை. திறமை மிக்கவர்களே சில வேளைகளில் கற்பிப்பதில் இடர்ப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஆசிரியர் ஆகத் தகாதவரைச் சில உவமைகளால் விளக்குகிறது. அவற்றுள் ஒன்று கழற்குடம். குடத்தில் ஒவ்வொன்றாக இட்ட கழற்காய்களைக் கவிழ்த்துக் கொட்டினால், இட்ட முறை மாறி விழும். தாம் கற்றதை வரிசை குலைத்துச் சொல்பவர் இத்தகையவர். மற்றொன்று பருத்திக்குண்டிகை. சிறுவாய்க் குடத்தில் அடைத்த பஞ்சு சிறிது சிறிதாகவே, அரிதின் முயன்றால்தான் வெளிவரும். உள்ளே நிறைய இருந்தும் வெளியே தர இயலாதவர் இவர். இவ்விருவரிடமும் அறிவுக் குறைவு இல்லை. கொடுக்கும் முறைதான் குறைவு. தொழில் கற்பிப்போருக்குப் பட்டக்கல்வியும் பட்டமேற்படிப்பும் வேண்டப்படுவது இக்குறையை நீக்குவதற்கே ஆகும்.

நான்கு படிகள்

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் துறைகளுக்கு மிகப் பலரான தொழிலாளர்கள் விரைவில் தேவைப்பட்டனர். கைதேர்ந்த கப்பல் தொழிலாளர்களையே ஆசிரியர்களாக்கும் பணியில் ஈடுபட்டவர் சார்ல்ஸ் ஆலன் என்னும் தொழிற்கல்வி அறிஞர். 1919ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் கற்பித்தலை அவர் நான்கு படிகளாக வகுத்தார். மாணவனின் மனத்தை ஆயத்தப்படுத்துதல் முதற்படி. செய்துகாட்டி விளக்குதல் இரண்டாம் படி. மாணவனைச் செய்ய வைத்துத் திருத்துதல் மூன்றாம் படி. துணையின்றித் தானே செய்கிறானா எனச் சோதித்தல் நான்காம் படி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும், போருக்குப் பின் ஜப்பானிலும் இம்முறையை ஒட்டிய பயிற்சிகள் பரவின.

நாம் மேலே கண்ட இளைஞனுக்கு இந்நான்கில் இரண்டாம் படியில் பாதி மட்டுமே கிடைத்தது. செய்துகாட்டினார்கள், விளக்கவில்லை.

பட்டமேற்படிப்பில் கற்பது என்ன?

நான்கு படிகளை அறிந்துகொள்ளச் சில வாரப் பயிற்சி போதும். அவ்வாறாயின் முதுகலைப் பட்டம் வரை செல்வது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம்.

முதலாவது, ஒரு வேலையைக் கூறுபடுத்தி ஆராயும் பயிற்சி. மின்வில் வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். அனுபவசாலி, "சத்தத்தைக் கேட்டு ஓட்டு" என்பார். ஆராயக் கற்ற ஆசிரியரோ, அந்தச் சத்தம் நான்கு காரணங்களின் விளைவு என்று காண்பார். அவை, மின்னோட்டத்தின் அளவு, கம்பியின் சாய்வு, கை நகரும் வேகம், கம்பியின் நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி என்பனவாம். அந்த இடைவெளி ஏறத்தாழக் கம்பியின் விட்டத்தளவு இருத்தல் வேண்டும், 3.2 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். நான்கையும் ஒரே நாளில் சுமத்தாமல், ஒவ்வொன்றாகப் பழக்குவது எப்படி என்பதை அவர் திட்டமிடுவார்.

இரண்டாவது, மதிப்பீடு. முடிந்த வேலையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவது போதாது. பாதுகாப்புக் கவசம் அணிந்தானா, அளவு பார்த்தானா, கருவியை முறையாகக் கையாண்டானா என்று செயல்முறையையும் நோக்க வேண்டும். ஒரே வேலையை இரண்டு ஆசிரியர்கள் பார்த்தாலும் ஒரே முடிவுக்கு வரத்தக்க அளவுகோலை உருவாக்குவது எளிதான காரியமன்று.

மூன்றாவது, ஆய்வு. ஆண்டுதோறும் ஒரே பாடத்தில் மாணவர்கள் தவறுகிறார்கள் என்றால், "பிள்ளைகள் சோம்பேறிகள்" என்று கூறி விட்டுவிடலாம். அல்லது, எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துவைத்து, கற்பிக்கும் முறையை மாற்றி, பயன் விளைந்ததா என ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டமேற்படிப்பு ஆசிரியரை இந்த இரண்டாவது வழிக்குப் பழக்குகிறது.

இதன் இன்றியமையாமையை உலக நாடுகளும் உணர்ந்துள்ளன. ஜெர்மனியில் தொழிற்பள்ளி ஆசிரியராவதற்குரிய வழக்கமான பாதையில் முதுகலைப் படிப்பும், அதன்பின் பள்ளியில் பயிற்சிப் பணியும், ஏறத்தாழ ஓராண்டுத் தொழிலக அனுபவமும் அடங்கும். 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சீனாவின் ஹாங்சோ நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான முதுகலைப் பாடத்திட்ட வரைவு ஒன்றை விவாதித்தது.

நம் நாட்டில்

நமது முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969ஆம் ஆண்டில் ஈப்போவில் தொடங்கப்பெற்றது. பொலிடெக்னிக்குகள் பெருகியபோது விரிவுரையாளர்களைப் பயிற்றும் தேவையும் பெருகிற்று. அதற்கென 1993ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட்டில் பொலிடெக்னிக் பணியாளர் பயிற்சி மையம் அமைந்தது. அம்மையமே படிப்படியாக வளர்ந்து, 2007ஆம் ஆண்டில் துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆசிரியர்களைப் பயிற்றும் மையமே பல்கலைக்கழகமாக உயர்ந்த வரலாறு இது. அங்குத் தொழில்நுட்ப, தொழிற்கல்வியில் முதுகலை, டாக்டர் பட்டப் படிப்புகள் நடைபெறுகின்றன. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் இத்துறைக்கு வாய்ப்பு உண்டு. ஷா ஆலாமில் ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட சியாஸ்ட் நிலையம் தொழில்திறன் பயிற்றுநர்களைத் தயார் செய்கிறது.

2012, 2013ஆம் ஆண்டுகளில் தொழிற்கல்வி இடைநிலைப் பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டு, டிப்ளோமா வழங்கும் நிலைக்கு உயர்ந்தன. மாணவர் பெறும் தகுதி உயரும்போது ஆசிரியரின் தகுதியும் உயர வேண்டுமல்லவா?

தோட்டத்திலிருந்து அங்குச் செல்ல வழி உண்டா?

உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ்ச் சான்றிதழ்கள் ஐந்து நிலைகளாக உள்ளன. முதல் மூன்று நிலைகள் மலேசியத் திறன் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. வகுப்பறையில் பயிலாமல் வேலையிலேயே திறன் பெற்றவர்கள், தங்கள் அனுபவத்திற்குச் சான்று காட்டி மதிப்பீடு பெற்று, இச்சான்றிதழை அடையும் முறையும் இருக்கிறது. பணி அனுபவத்தை மதிப்பிட்டுப் பல்கலைக்கழகப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் முறையும் நடைமுறையில் உள்ளது. தோட்டத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவரோ, டிராக்டர் பட்டறையில் பணிபுரிபவரோ, சான்றிதழில் தொடங்கிப் பயிற்றுநராகி, பட்டதாரி ஆசிரியராவது நெடும்பயணமே. எனினும் அடைபட்ட பாதையன்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பட்டம் கையில் இருந்தும் பட்டறையில் கை அழுக்காகாதவரை மாணவர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள். கருவிகளும் நாளுக்கு நாள் மாறுகின்றன. ஆகவே, தொழிலாசிரியர் அவ்வப்போது தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்று புதியன பயில்வது அவசியமாகும். தொழிலும் வேண்டும், கற்பிக்கும் கலையும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பள்ளிப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத் தொழிற்கல்வி இரண்டாவது வாயில். அந்த வாயிலிலும், "உனக்குக் கை வரவில்லை" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினால், மூன்றாவது வாயிலை அவன் தேடாமலே இருந்துவிடக்கூடும். அச்சொல்லைச் சொல்லாமல், எந்தப் படியில் தவறினான் என்று கண்டு, அப்படியிலிருந்து மீண்டும் அழைத்துச் செல்பவரே ஆசிரியர். பெற்றோர்கள் தம் பிள்ளைகளைப் பயிற்சி நிலையத்தில் சேர்க்கும் முன், அங்குள்ள கட்டடத்தையும் இயந்திரங்களையும் பார்ப்பதோடு நில்லாமல், கற்பிப்பவர்கள் எவ்வாறு பயிற்சி பெற்றவர்கள் என்றும் கேட்டறிவார்களாக. கைத்திறன் வாய்ந்த இளைஞர்களும், தாம் அறிந்ததைப் பிறருக்கு அளிக்கும் இப்பணியைத் தமக்குரிய ஒரு வாழ்க்கைத் தொழிலாக எண்ணிப் பார்ப்பார்களாக.