பண்டிகை அடுப்படியில் வினைச்சொற்கள்

இம்மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது, என் வீட்டு அடுப்பில் உளுந்து வறுபட்டுக்கொண்டிருந்தது. மாணவியாக இருந்த காலத்தில் நானும் இப்படிப் பல முன்னாள் மாணவர்களைத் துரத்தியிருக்கிறேன். ஆகவே மறுக்க மனம் வரவில்லை. எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். "உங்களுக்குத் தோணுறதை எழுதுங்கக்கா" என்றார். எனக்கு அப்போது தோன்றியது உளுந்துதான்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் கணவர், ஒன்பது வயதை நெருங்கும் மகள், ஆறு வயது மகன், என் அம்மா. பிள்ளைகளுக்கு அவர் பாட்டி. பாட்டிக்குத் தமிழ் தெரியும், சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு மலாய் தெரியும், ஆங்கிலம் அரைகுறை. பிள்ளைகளோ காலையில் கண் விழித்தது முதல் ஆங்கிலம்தான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020இல் அது 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பேரவை மேடையில் தமிழ் நாடகம் போட்ட நான், இரண்டாம் கணக்கெடுப்பின்போது எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

2023 தீபாவளிக்கு முதல் நாள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அம்மா விடியற்காலையிலிருந்து முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே கடைக்குப் போயிருந்தேன். மகள் மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். "தலை சுத்துதுடி பாப்பா" என்றிருக்கிறார் அம்மா. மகள் நிமிர்ந்து பார்த்தாள். பாட்டியின் தலை சுற்றவில்லை. இருந்த இடத்தில்தான் இருந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து, தன் தலையைச் சுற்றிக் காட்டிச் சிரித்தாள். நான் திரும்பி வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பை அணைக்கும் நிதானம் மட்டும் அவருக்கு இருந்தது. மருத்துவர் இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்றார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. உறவினர்களிடம் அம்மாவே இதை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அதன்பின் பிள்ளைகளிடம் அவர் பேச்சு மாறிவிட்டது. "கம், ஈட்", "ஹெட் பெயின்", "டோன்ட் டச்" என்று இரண்டு இரண்டு சொல்லாகப் பேச ஆரம்பித்தார். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசிய ஒரே ஆள், பேரப்பிள்ளைகளுக்காகத் தம் மொழியைச் சுருக்கிக்கொண்டார். அந்த மயக்கத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அடுத்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முந்திய பத்து நாள், பிள்ளைகள் பேசும் தமிழை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தேன். ஆய்வு என்று சொன்னால் என் பழைய விரிவுரையாளர் கோபிப்பார். இரண்டே பிள்ளைகள், குறித்தவளோ பெற்ற தாய். எனினும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முறுக்கு, மாவு, எண்ணெய், விளக்கு, பாவாடை எனப் பெயர்ச்சொற்கள் ஓரளவு இருந்தன. வினைச்சொற்கள்தாம் இல்லை.

மகள் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "பாட்டி, நீங்க ஸ்குவீஸ் பண்ணுங்க, நான் கவுண்ட் பண்றேன்." இதைக் கேட்டு முகம் சுளிப்பது எளிது. நானும் பல நாள் சுளித்தேன். ஆனால் இதில் எவை தமிழ் என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'பண்ணுங்க' என்பதில் பாட்டிக்குரிய மரியாதை இருக்கிறது. 'பண்றேன்' என்பதில் காலமும் தன்மை விகுதியும் இருக்கின்றன. சொற்களின் வரிசை தமிழ். இலக்கணம் முழுவதும் இருக்கிறது. 'பிழி', 'எண்ணு' என்ற இரண்டு அடிச்சொற்கள் மட்டும் இல்லை.

இன்னும் வியப்பானது ஒன்று. அகல் விளக்கு ஒன்று விரிசல் விட்டபோது மகன் "பிரேக் ஆயிடுச்சு" என்றான். தம்பியைச் சுட்டிக்காட்டிய மகள், "இவன்தான் பிரேக் பண்ணிட்டான்" என்றாள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைதான். தமிழில் 'உடைந்தது' வேறு, 'உடைத்தான்' வேறு. 'உருண்டது' வேறு, 'உருட்டினான்' வேறு. தன்வினை, பிறவினை என்று நாம் தேர்வுக்கு மனனம் செய்தோமே, அதே வேறுபாட்டை இந்தப் பிள்ளைகள் 'ஆகு', 'பண்ணு' என்ற இரண்டு துணைகளைக் கொண்டு பிழையின்றிக் காட்டுகிறார்கள். யாரும் கற்றுத் தரவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழே வராது என்று சலித்துக்கொள்ளும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வீடு இருக்கிறது; சாமான்கள்தாம் போதவில்லை.

வினை மட்டும் ஏன் போகிறது? பெயர்ச்சொல்லைப் படத்தில் காட்டிவிடலாம். பாலர் பள்ளியின் பட அட்டைகளில் யானையும் மாம்பழமும் உண்டு. 'சலி', 'பிசை', 'தோய்', 'உதறு' போன்றவற்றை எந்த அட்டையில் காட்டுவது? அவை செய்யும்போதுதான் தெரியும். அவற்றைச் செய்யும் இடத்திலிருந்து நாம் பிள்ளைகளைத் துரத்திவிடுகிறோம். பண்டிகை வேலை நடக்கும்போது "தொந்தரவு பண்ணாதே" என்று கையில் டேப்லெட்டைக் கொடுத்து அறைக்குள் அனுப்புகிறோம். நான் அப்படித்தான் செய்தேன்.

சமையலறையில் இந்த இழப்பின் அளவு தெரியும். உளுந்தை வறுக்கிறோம், முறுக்கைப் பொரிக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகைத் தாளிக்கிறோம். என் பிள்ளைகளுக்கு நான்கும் 'ஃபிரை பண்றது'. எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, எதற்காக என்பதெல்லாம் அந்த ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பலகாரம் 'சுடுவது' வேறு. "பாட்டி முறுக்கை ஷூட் பண்ணுவாங்களா?" என்று மகன் கேட்டான். அவனுக்குத் தெரிந்த 'சுடு' தமிழ்ப் படத்தில் வருவது.

'லைட் பண்ணு' என்பதும் இத்தகையதே. விளக்கை ஏற்றுகிறோம், அடுப்பைப் பற்றவைக்கிறோம், மத்தாப்பைக் கொளுத்துகிறோம், மின்விளக்கைப் போடுகிறோம். சாமி விளக்கைக் 'கொளுத்து' என்று மகள் சொல்லிவிட, அம்மாவுக்கு வந்த கோபம் எளிதில் தணியவில்லை. வழிபாட்டுக்கு ஒரு வினை, வேடிக்கைக்கு ஒரு வினை என்பதை நாங்கள் அன்றுதான் விளக்கினோம். (1972இல் பட்டாசுக்குத் தடை வந்த இவ்வூரில் 'வெடி' என்ற வினைக்கு வேலையே இல்லை. அது கடுகுக்கு மட்டும் மிச்சம்.)

நாங்கள் செய்தது பெரிய ஏற்பாடு ஒன்றும் அன்று. அடுப்பின் பக்கம் வரக்கூடாது என்பது ஒன்றே கட்டுப்பாடு. மேசை வேலை முழுவதும் பிள்ளைகளுக்கு. மாவு சலிப்பது, பிசைவது, முறுக்கு அச்சில் அடைப்பது, பிழிவது, நெய் உருண்டை பிடிப்பது. நெய் உருண்டையில்தான் கூட்டம் அதிகம். பாசிப்பயற்று மாவில் சூடான நெய்யை அம்மா ஊற்றிக் கிளறுவார். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிடிக்க வேண்டும், ஆறவிட்டால் உதிரும். 'பிடி', 'ஆறு', 'உதிர்' மூன்றும் ஒரே நிமிடத்தில் கைக்குள் வந்துவிட்டன.

அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: திருத்த வேண்டாம், சிரிக்க வேண்டாம், பதிலில் சரியான சொல்லைப் போட்டால் போதும். "ஸ்குவீஸ் பண்ணட்டுமா பாட்டி?" என்றால், "ம், பிழி. அழுத்திப் பிழி" என்பார். மூன்றாம் நாள் மகளே "நான் பிழியறேன்" என்றாள். என் கணவர் தேங்காய் துருவ உட்கார்ந்தார். அவருக்கு வினைச்சொற்கள் நன்றாகத் தெரியும், வேலைதான் தெரியவில்லை.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் பொய்யாகிவிடும். மகன் இரண்டாம் நாளே எழுந்து ஓடிவிட்டான். 'வதக்கு' இன்றுவரை இருவர் வாயிலும் நுழையவில்லை. டிசம்பரில் பாதிச் சொற்கள் மறந்துபோயின; பொங்கலுக்குப் பால் பொங்கியபோது சில திரும்பி வந்தன. பள்ளித் தேர்வில் இதனால் ஒரு மதிப்பெண்கூடக் கூடவில்லை. இது வெறும் அடுப்படித் தமிழ்தானே என்று ஒரு தோழி கேட்டாள். ஆமாம், அடுப்படித் தமிழ்தான். ஆனால் முறுக்கைச் சுற்றப் பழகிய பிறகுதான் மகளுக்குத் 'தலை சுற்றுவது' என்னவென்று விளக்க முடிந்தது. மாவு அச்சிலிருந்து சுற்றிச் சுற்றி விழுவதைக் காட்டி, "கண்ணுக்கு முன்னால எல்லாம் இப்படிப் போற மாதிரி இருக்கும்" என்றார் அம்மா. மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு உங்களுக்கு அப்படியா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அம்மா இப்போது பழையபடி முழு வாக்கியத்தில் பேசுகிறார். முழு வாக்கியத்தில் திட்டவும் செய்கிறார். 2025 தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த கையோடு மகன் வாசலில் இருந்த அகல் விளக்கு ஒன்றைத் தட்டிவிட்டான். சத்தம் கேட்டு அம்மா வந்தார்.

"என்னடா தம்பி, தானா உடைஞ்சுதா, நீ உடைச்சியா?"

அவன் துண்டுகளைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான்.

"நான் தொட்டேன் பாட்டி. அதுவா உடைஞ்சிருச்சு."