கொக்கி மாட்டும் முன்

தம்பி, நீ காரைக்குடியில் ஹைட்ரா கிரேன் ஓட்டப் பழகுபவனாக இருக்கலாம். ரிக்கர் பயிற்சி முடித்துச் சிங்கப்பூர் விசாவுக்குக் காத்திருப்பவனாகவும் இருக்கலாம். அரியக்குடி, இலுப்பக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். ரிக்கிங் வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இதில் பாதியை நீ வகுப்பில் படித்திருப்பாய். சைட்டில் இன்ஜினீயர் அவசரப்படுத்தும்போது அதுதான் முதலில் மறந்துபோகும்.

1. எடை தெரியாமல் கொக்கி மாட்டாதே.

நம் ஊரில் பழைய வீடுகளைப் பிரிக்கும் வேலை அடிக்கடி வரும். ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 76 கிலோ. ஓர் அடி சதுரத்தில் பத்தடி உயரக் கல்தூண் என்றால் 760 கிலோ. அதே அளவுள்ள பர்மாத் தேக்குத் தூண் 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரும்புத் தகட்டுக்குக் கணக்கு இன்னும் சுலபம்: ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. கம்பி கட்டிய கான்கிரீட் கன மீட்டருக்கு இரண்டரை டன். இந்த நான்கும் உனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். “சுமாரா ஒரு டன் இருக்கும்ணே” என்று எவராவது சொன்னால் டேப்பை வெளியே எடு.

இன்னொன்று. அடியில் சுண்ணாம்புச் சாந்து பிடித்திருக்கும் தூணைக் கிரேனால் பிடுங்கப் பார்க்காதே. பிடிப்பு எவ்வளவு என்று எந்தக் கணக்கும் சொல்லாது. அது விடுபடும் நொடியில் பூம் துள்ளும், தூண் ஆடும், பக்கத்துச் சுவரில் மோதும். கடப்பாரை போட்டு முழுக்க விடுவித்த பிறகே தூக்கு.

2. ஐம்பது டன் கிரேன் ஐம்பது டன் தூக்காது.

கிரேனை ஒட்டி, மூன்று மீட்டர் ஆரத்தில்தான் அந்த எண் செல்லும். பூமை நீட்டி 24 மீட்டர் ஆரத்துக்குப் போனால் நான்கைந்து டன்னே பெரிது. லோடு சார்ட் கேபினில் ஒட்டியிருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவன் சீட்டில் உட்காரக் கூடாது. ஹூக் பிளாக், சிலிங், ஷாக்கிள், ஸ்பிரெடர் பீம் எல்லாமே சுமைதான். அவற்றின் எடையையும் சேர்த்துக் கூட்டு.

3. தரையை நம்பாதே.

கிரேன் சாய்ந்தது என்று சேதி வந்தால் நான் முதலில் கேட்பது அவுட்ரிகர் கால் எங்கே நின்றது என்பதைத்தான். சுழலும்போது பூம் எந்த மூலைப் பக்கம் போகிறதோ அந்த ஒரு காலிலேயே பெரும்பாரம் இறங்கும். ஒரு காலில் 30 டன் என்று வைத்துக்கொள். அந்தக் காலின் தட்டு அரை மீட்டர் சதுரம். அப்படியானால் தரைக்குச் சதுர மீட்டருக்கு 120 டன் அழுத்தம். அதன் கீழே ஒன்றரை மீட்டர் சதுரத்துக்கு வளையாத மேட் போட்டால் அதுவே 13 டன்னுக்கு வந்துவிடும். மேட் போட ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

நம் செம்மண் கோடையில் இரும்பு போல இறுகிக் கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு நிற்பது வேறு தரை. அதைவிட மோசம் மேலே தெரியாதவை. செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டில் தூர்த்த கிணறு இருக்கும். மூடிய செப்டிக் டேங்க் இருக்கும். ஊருணிக் கரையோரம் பார்வைக்குக் கெட்டியாக இருந்து உள்ளே சரியும். அந்த வீட்டில் வேலை பார்த்த வயதான அம்மா ஒருவரைக் கூப்பிட்டு, “ஆத்தா, இங்க கெணறு இருந்துச்சா?” என்று கேள். எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் அவரிடம் கிடைக்கும். கேட்காமல் காலை இறக்காதே.

4. சிலிங் கோணம்.

பத்து டன் சுமை, இரண்டு கால் சிலிங். நேராகத் தொங்கினால் ஒரு காலுக்கு 5 டன். தரைமட்டத்தோடு 60 டிகிரிக்கு விரிந்தால் 5.8 டன். 45 டிகிரியில் 7.1 டன். 30 டிகிரியில் ஒவ்வொரு காலும் முழுப் பத்து டன்னையும் இழுக்கும். சிலிங் கட்டையாக இருக்கிறதே என்று விரித்து மாட்டுகிறவன் சுமையை இரட்டிப்பாக்குகிறான் என்று அர்த்தம். 60 டிகிரிக்குக் கீழே போகாதே. நீளச் சிலிங் வரும்வரை காத்திரு.

5. காலையில் சிலிங்கைத் தடவிப் பார்.

கையுறை போட்டுக்கொண்டு, பழைய பருத்தித் துணி ஒன்றைக் கம்பிக் கயிற்றின் மேல் மெதுவாக இழு. அறுந்த கம்பி இருந்தால் நூல் மாட்டி நிற்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு எண்ணு. ஒரு முறுக்கு நீளத்துக்குள் பத்துக் கம்பி அறுந்திருந்தாலும், ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலும் அது கழிவு. நசுங்கியது, கூண்டு போலப் பிரிந்தது, வெல்டிங் சூடு பட்டது எல்லாமே கழிவுதான். கழித்ததை மூலையில் போட்டு வைக்காதே. வெட்டிப் போடு; இல்லாவிட்டால் நைட் ஷிப்டில் எவனாவது எடுத்து மாட்டுவான். பெல்ட் சிலிங் என்றால் கல்தூணின் விளிம்பில் சாக்கு மடிப்போ ரப்பரோ கொடுக்காமல் சுற்றாதே.

நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 29ஆம் பிரிவிலேயே, தூக்கும் கருவிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. சர்டிபிகேட்டின் தேதியைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. கேள்.

6. சிக்னல் ஒருவன், ‘நிறுத்து’ எல்லோரும்.

ஆபரேட்டர் ஒரே ஆளின் கையைத்தான் பார்க்க வேண்டும். முதலாளியே வந்து கை காட்டினாலும் அது சிக்னல் ஆகாது. ஆனால் நிறுத்தச் சொல்வது மட்டும் யார் சொன்னாலும் செல்லும், டீ கொண்டுவரும் பையன் கத்தினாலும் சரி. சிங்கப்பூரில் 2011 முதல் கிரேன் விதிகளில் லிப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் என்று தனித்தனிப் பொறுப்பு உண்டு. எழுதிய லிப்டிங் பிளானும் வேண்டும். நம் ஊரில் மூன்றையும் ஒருவனே செய்கிறான். சம்பளத்தை மிச்சப்படுத்தும் இந்தப் பழக்கத்தை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

7. அரையடி தூக்கி நிறுத்து. பிரேக் பிடிக்கிறதா, அவுட்ரிகர் அமுங்குகிறதா, சுமை ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போ.

8. தொங்கும் சுமைக்குக் கீழே எவனும் நிற்கக் கூடாது. கைடு கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே.

ஹைட்ராவில் சுமையோடு வண்டி நகரும்போது, பையன்கள் முன்னால் நடந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டே போகிறார்கள். நம் பக்கம் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆபரேட்டருக்குச் சுமை மறைக்கும்; பையன் கண்ணுக்குத் தெரியமாட்டான். நீளக் கயிறு கட்டிப் பக்கவாட்டில், வண்டியின் தடத்துக்கு வெளியே நட.

9. காற்று.

1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், விளையாட்டரங்கக் கூரையின் 450 டன் துண்டைத் தூக்கிய ‘பிக் ப்ளூ’ கிரேன் விழுந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அகலமான அந்தக் கூரைத் துண்டின்மேல் காற்று எவ்வளவு தள்ளும் என்பதைச் சரியாகக் கணக்கிடவில்லை. தகரக் கூரை, விளம்பரப் பலகை, சட்டர் எல்லாம் எடையில் சின்னவை, பரப்பில் பெரியவை. ஆடி மாதத்தில் அவற்றைத் தூக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடு.

10. சாலையில்.

2018 டிசம்பரில் வந்தவாசி அருகே கொரக்கோட்டையிலிருந்து பெங்களூர் ஈஜிபுராவுக்குப் பெருமாள் சிலைக்கான ஒற்றைக்கல் கிளம்பியது. 240 சக்கர வண்டி. எடை ஏறத்தாழ 350 டன். டயர்கள் வெடித்தன, வழியில் கடைகளையும் வீடுகளையும் இடிக்க வேண்டி வந்தது, ஆற்றுப் பாலத்தை நம்பாமல் பக்கத்தில் மண்பாதை போட்டார்கள். போய்ச்சேர 2019 ஜூன் ஆனது. வழியைக் கிளம்பும் முன்பே நடந்து அளப்பவனுக்கே இந்த வேலை. வளைவு, பாலத்தின் தாங்குதிறன், மேலே போகும் கம்பி, மூன்றையும் எழுதிக் கையில் வை.

கம்பிக்குத் தனியாகச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தார்கள். அமெரிக்கச் சட்டம் 50 கிலோவோல்ட் வரை உள்ள கம்பிக்குக் கிரேன் 10 அடி விலகியிருக்க வேண்டும் என்கிறது. நீ கூடுதலாகவே விலகு. முடியாவிட்டால் மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல். “கரண்ட் இல்லண்ணே” என்று வாயால் சொல்வதை ஏற்காதே.

சரக்கைக் கட்டுவதிலும் கணக்கு உண்டு. ஐரோப்பிய விதிப்படி, எடையில் 80 சதவீத விசை முன்பக்கமும் 50 சதவீத விசை பக்கவாட்டிலும் வந்தாலும் கட்டு தாங்க வேண்டும். திடீர்ப் பிரேக்கில் கேபினுக்குள் வருவது முன்பக்கம் கட்டாத சரக்குதான்.

சரிவில் நின்றால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் கூடவே நடக்கிறார்கள். நாம் அவர்கள் வழி வந்தவர்கள்தான்.

11. ஆளைத் தூக்காதே.

2023 ஜனவரி 22 இரவு, அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில் மண்டியம்மன் கோயில் மயிலேறு விழா. சாமிக்கு மாலை போட ஆட்களை ஏற்றியிருந்த கிரேன் சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். சரக்குத் தூக்கும் கொக்கியில் மனிதரைத் தொங்கவிடுவதற்கு எந்தக் காரணமும் போதாது, பக்தியும் போதாது. திருவிழாவுக்கு ஹைட்ரா கேட்டு உன்னிடமும் வருவார்கள். சொந்தக்காரர்களாக இருப்பார்கள், மறுக்கக் கூச்சமாக இருக்கும். மாலையைக் கோலில் கட்டி ஏற்றட்டும், சாரம் கட்டட்டும். நீ மாட்டேன் என்று சொல்லிவிடு. கமிட்டியார் கோபித்துக்கொண்டால் அரியக்குடிக்கு என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.