முதலில் காது, பிறகு கேமரா

இதழியல் படிக்கிறேன் என்றதும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கேமரா வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "மைக் இருக்கா?" படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த காணொலிக்குப் போய்விடுவார்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியைப் பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நான் படித்துப் பழகிய முறை இதுதான்.

இடம்: ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். காத்தாடி, டிவி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள்.

மைக்: வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஆடையில் மாட்டுங்கள். சங்கிலியோ சேலை மடிப்போ உரசக்கூடாது. தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும்.

அளவு: ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்காதீர்கள். உரத்த பேச்சு -12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். 0-வைத் தொட்டால் குரல் உடையும், பிறகு சரிசெய்வது கடினம். காணொலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வழக்கமான அளவு. முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும்.

படம்: விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கொளி மினுக்காது. பாட்டியின் கைகள், பழைய படங்கள், வாசல் என ஒவ்வொன்றையும் 10 விநாடி அசையாமல் எடுங்கள்.

வெட்டுவது: இதுதான் கடினமான பாடம். "கஷ்டம்தான் பட்டோம், ஆனா ஒத்துமையா இருந்தோம்" என்று பாட்டி சொல்கிறார். முதல் பாதியை நீக்கினால் கஷ்டமே இல்லாத வாழ்க்கை ஆகிவிடும். பின்பாதியை நீக்கினால் வெறும் புலம்பல் ஆகிவிடும். இரண்டுமே அவர் சொன்னதல்ல. காணொலியைச் சுருக்கலாம், சொன்னவரின் பொருளை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தப் பெயர்களைச் சொல்லும் குரல்களும் குறைந்து வருகின்றன. ஆகவே இந்த வாரமே வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, கைத்தொலைபேசியிலாவது பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். முதலில் அவர் பெயரையும் பிறந்த தோட்டத்தின் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வெட்டாத மூலப் பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.