முதல் வரியில் நிற்பவர் யார்?

நூலகத்தில் ஒரு நூலைக் கேட்டால் அது இருக்கும் அடுக்கை நூலகர் காட்டுவார். எந்தப் பதிப்பகத்தார் தமக்குக் காசு கொடுத்தார் என்று பார்த்துக் காட்டமாட்டார். கைப்பேசியில் கூகுளிடம் கேட்கும்போதும் நாம் அதே நம்பிக்கையோடுதான் கேட்கிறோம். ஆனால் பொருள் வாங்கவோ உதவி நாடியோ தேடும்போது மேலே வரும் இரண்டு மூன்று வரிகள் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்பட்ட இடங்கள். ‘ஸ்பான்சர்டு’ என்னும் சிறு சொல் அருகில் இருக்கத்தான் செய்கிறது. அவசரத்தில் அதைப் படிப்பவர் யார்?

இந்த விற்பனை எவ்வாறு நடக்கிறது என்று முதலில் காண்போம். 1998இல் அமெரிக்காவில் ‘கோடூ’ என்னும் தேடுபொறி ஒரு புதுமையைச் செய்தது. மக்கள் தேடும் ஒவ்வொரு சொல்லையும் ஏலத்தில் விட்டது. விளம்பரத்தை யாரேனும் சொடுக்கினால் மட்டுமே விளம்பரதாரர் பணம் கொடுத்தால் போதும். 2000ஆம் ஆண்டு கூகுள் ‘ஆட்வேர்ட்ஸ்’ என்ற பெயரில் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது; பின்னர் அதுவும் ஏல முறைக்கு மாறியது. 2018இல் அதன் பெயர் ‘கூகுள் ஆட்ஸ்’ ஆயிற்று. மீன் சந்தை ஏலத்தில் கூவுவோர் குரல் எல்லோர் காதிலும் விழும். இந்த ஏலமோ நாம் தேடும் ஒவ்வொரு முறையும் கண் இமைக்கும் நேரத்தில் ஓசையின்றி நடந்து முடிந்துவிடுகிறது. கேட்கும் விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் கணக்கிட்டே இடம் தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விதிகளும் உண்டு. பொய் கூறலாகாது, பிறர் போல் நடிக்கலாகாது, விளம்பரத்தில் காட்டும் முகவரியும் சென்று சேரும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்விதிகளை வளைப்பவர் எல்லோரும் மோசடிக்காரர் அல்லர். விதியின் வரப்பிலேயே நடப்பவரும் உண்டு. போட்டியாளரின் பெயரையே தேடுசொல்லாக ஏலம் எடுப்பது அவ்வகை. நம் சென்னையிலேயே இதற்கு ஒரு வழக்கு நடந்தது. பாரத் மேட்ரிமோனியை நடத்திய நிறுவனம், தன் பெயரைத் தேடுவோருக்குப் பிற திருமணத் தகவல் நிலையங்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2010இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்துவிட்டது. 2023இல் வேறொரு வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், பிறர் வணிகப் பெயரைத் தேடுசொல் ஆக்குவது மட்டுமே குற்றமாகாது, ஆனால் மக்கள் மனத்தில் குழப்பம் விளைந்தால் அது மீறலே என்றது. கூகுள் இதில் வெறும் பார்வையாளர் அன்று என்றும் கூறியது.

இனி மெய்யான வஞ்சகத்துக்கு வருவோம். விளம்பரங்களைச் சரிபார்ப்பது பெரும்பாலும் இயந்திரங்களே. சரிபார்க்க வரும் இயந்திரத்துக்கு ஒரு நல்ல பக்கத்தையும், தேடி வரும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவது இவர்களின் பழைய தந்திரம். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சில பள்ளிகளில் சுவரெங்கும் படங்கள் தொங்குமாமே, அதைப் போன்றது. (எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம்!) 2023 அக்டோபரில் ‘கீபாஸ்’ என்னும் கடவுச்சொல் காப்பு மென்பொருளின் பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் காட்டிய முகவரி உண்மையானது. சொடுக்கினால் சென்ற இடமோ போலி. அங்கே ஆங்கில ‘கே’ எழுத்தின் கீழ் ஒரு சிறு வால் மட்டுமே வேறுபாடு. திரையில் விழுந்த தூசி என்றே நினைக்கத் தோன்றும். கடவுச்சொற்களைக் காக்க வேண்டி வந்தவர் தீய மென்பொருளைத் தரவிறக்கிக்கொண்டு போனார்.

இத்தகையோர் எந்தச் சொற்களைத் தேடி ஏலம் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் ஒன்று விளங்கும். பொழுதுபோக்காகத் தேடுபவரை விட, பதறித் தேடுபவரே அவர்களுக்கு வேண்டும். வீட்டுக்கு வெளியே சாவியின்றி நிற்பவர் பூட்டுத் திறப்பவரைத் தேடுவார். அமெரிக்காவில் மிகக் குறைந்த கூலியை விளம்பரத்தில் காட்டி, வாசலுக்கு வந்தபின் பன்மடங்கு கேட்டவர்கள் இருந்தார்கள். அதைவிடக் கொடியது, போதைப் பழக்கத்திலிருந்து மகனையோ மகளையோ மீட்கத் துடிக்கும் பெற்றோரின் தேடல். அவர்கள் ‘மறுவாழ்வு இல்லம்’ என்று தேடி அழைத்தால், எதிர்முனையில் இருந்தவர் சில சமயம் மருத்துவரல்லர், தரகர். அந்த அழைப்பையே ஏதோ ஒரு நிலையத்துக்கு விற்றுவிடுவார். 2017இல் கூகுள் அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தி, பின்னர் சான்றிதழ் பெற்ற நிலையங்களை மட்டும் அனுமதித்தது.

காவல் காக்க வேண்டியவரே கதவைத் திறந்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. கனடா நாட்டு இணைய மருந்துக் கடைகள் சில, மருத்துவர் சீட்டுக்கு உரிய மருந்துகளை அமெரிக்கருக்குச் சட்டத்துக்குப் புறம்பாக அனுப்பி வந்தன. இதைக் கூகுள் 2003 முதலே அறிந்திருந்தது என்றும், விளம்பரங்களைச் சிறப்பாக அமைக்க அக்கடைகளில் சிலவற்றுக்கு உதவியும் செய்தது என்றும் அமெரிக்க நீதித்துறை கூறியது. விசாரணை நடப்பது தெரிந்த பின், 2009இல்தான் தடுப்பு வேலைகள் தொடங்கின. 2011இல் கூகுள் 50 கோடி டாலரை இழக்க ஒப்புக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் படிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அதன்பின் காவல் கூடியிருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது. கூகுள் தரும் கணக்கின்படி 2023இல் 1 கோடியே 27 லட்சம் விளம்பரதாரர் கணக்குகள் முடக்கப்பட்டன. 2024இல் 3 கோடியே 92 லட்சம். இவ்வளவு முடக்க வேண்டியிருக்கிறது என்பதே நமக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு கணக்கு மூடப்பட்டால் வேறு பெயரில் இன்னொன்று திறக்கப்படுகிறது. ஆகவே 2020 முதல் படிப்படியாக விளம்பரதாரர்களிடம் அடையாளச் சான்று கேட்கிறார்கள்.

அதன் பயன் நம் கைக்கும் எட்டும். விளம்பர வரியின் அருகே மூன்று சிறு புள்ளிகள் உள்ளன. அவற்றைத் தொட்டால் பணம் கொடுத்தவர் பெயரும் எந்த நாட்டவர் என்பதும் தெரியும். வங்கியின் உதவி எண்ணையோ பயணச் சீட்டையோ வீட்டில் தாத்தாவும் அம்மாவும் தேடும்போது பக்கத்தில் அமர்ந்து அப்புள்ளிகளைத் தொட்டுக் காட்டலாம். வங்கியின் பெயர் மேலே இருந்து, பணம் கொடுத்தவர் பெயர் முன்பின் கேட்டிராத ஒன்றாக இருந்தால், அவ்வரியை விட்டுவிட்டு, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அழைக்கச் சொல்லலாம்.