வழக்கும் வழக்கமும்

அன்புள்ள அம்மிணிக்கு,

சினுவா அச்சிபியின் நாவலைப் படித்துவிட்டு நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்த அந்த நூலை ஊன்றிப் படித்திருக்கிறாய் என்பது வரிக்கு வரி தெரிகிறது. நைஜீரியாவின் இக்போ மக்களின் வழக்கங்களை ஒன்றுவிடாமல் எடுத்து எழுதியிருக்கிறாய்: புதுக்கிழங்குத் திருவிழா, கோலாக்கொட்டையை உடைத்து விருந்தாளியை வரவேற்பது, முகமூடி தரித்த முன்னோர் ஆவிகள் தீர்ப்புச் சொல்வது, விதைப்புக்கு முந்தைய அமைதி வாரம், பெண்ணுக்குப் பரிசம், இரட்டைப் பிள்ளைகளைக் காட்டில் எறிவது. முதல் ஐந்தையும் ‘சிறப்புகள்’ என்றும் கடைசியைக் ‘கொடுமை’ என்றும் பிரித்துவிட்டு, மொத்தத்தையும் ‘விநோதமான வாழ்க்கை’ என்று முடித்திருக்கிறாய். இந்தப் பட்டியலைப் பற்றித்தான் உன்னோடு பேச வேண்டும். நாவலின் கடைசிப் பக்கத்தை நினைத்துப் பார். தூக்கில் தொங்கும் கதைநாயகன் ஒகோன்க்வோவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வெள்ளைக்கார ஆணையர், தாம் எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றி யோசிக்கிறார். இந்த மனிதனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாமா என்று தோன்றி, பிறகு ஒரு பத்தியே போதும் என்று குறைத்துக்கொள்கிறார். நாம் இருபத்துநான்கு அத்தியாயம் கூடவே வாழ்ந்த மனிதனுக்கு அவர் தரும் இடம் அவ்வளவுதான். வழக்கங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றோடு மல்லுக்கட்டிய மனிதர்களை உதிர்த்துவிடும் போது நாமும் அந்த ஆணையருடைய மேசையில்தான் போய் உட்காருகிறோம்.

தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கு ஊர் நடைமுறை என்றும் பொருள், பஞ்சாயத்துக்கு வரும் தகராறு என்றும் பொருள். இந்த நாவலைப் படிக்க இதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியவில்லை. அச்சிபி ஒரு வழக்கத்தைக்கூடச் சும்மா காட்சிக்கு வைப்பதில்லை. யாராவது அதை மீறும்போதோ அதன் கீழ் நசுங்கும்போதோதான் நம் கண்ணில் காட்டுகிறார். அமைதி வாரம் என்று ஒன்று இருப்பதே, தலைமுடி பின்னப் போய்ச் சமைக்க நேரமாக்கிய இளைய மனைவியை ஒகோன்க்வோ அந்த வாரத்தில் அடித்ததால்தான் நமக்குத் தெரியவருகிறது. மண் தேவதையின் பூசாரி வந்து அபராதம் விதிக்கிறார். அதற்குப் பிறகு வருவது நீ எடுத்துக்கொள்ளாமல் விட்ட பகுதி. ஊரிலேயே மூத்தவரான எஸியூடு, இந்தத் தண்டனை இப்போது லேசாகிவிட்டது என்கிறார். முன்பெல்லாம் அமைதியைக் குலைத்தவனைச் சாகும்வரை தரையில் இழுத்துப் போவார்களாம். எந்த அமைதியைக் காக்க அப்படிச் செய்தார்களோ அந்த அமைதியே அதனால் கெட்டது என்று கண்டு, ஊரே அதை நிறுத்திக்கொண்டதாம். பாதிரியோ துரையோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முந்தைய காலம் அது. அவர்களாகவே யோசித்து, அவர்களாகவே மாற்றியிருக்கிறார்கள். இந்த ஒரு செய்தி போதும், மாறாத பழமை என்ற எண்ணத்தை உடைக்க. ஓசோ பட்டம் பெற்றவர் மரம் ஏறக்கூடாது என்ற விதியை ஒகோன்க்வோவின் நண்பன் ஒபியெரிகா சலித்துக்கொள்வதையும், பக்கத்து ஊர்களில் அப்படியில்லை என்று அவர்கள் பேசிக்கொள்வதையும் இதோடு சேர்த்துப் பார். பத்து மைலுக்கு ஒரு விதி, தலைமுறைக்கு ஒரு திருத்தம்.

இந்த விவாதம் எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் அச்சிபி மறைக்கவில்லை. ஒகோன்க்வோ நாடுகடத்தப்பட்ட பிறகு, தெரியாமல் செய்த குற்றத்துக்கு ஒருவன் ஏன் இவ்வளவு துன்பப்பட வேண்டும் என்று ஒபியெரிகா யோசிக்கிறான். தான் காட்டில் எறிந்த தன் இரட்டைப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள் என்று அந்த யோசனை நீள்கிறது. விடை கிடைக்கவில்லை. அவன் ஊரை விட்டுப் போகவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. வெள்ளையரின் கிறிஸ்தவ சபைக்கு முதலில் போனவர்கள் யார் என்று எண்ணிப் பார். மதிப்பற்றவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்கள்; தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டதால் தீண்டாமைக்கு ஆளான ஓசுக்கள்; நான்கு பேறுகளில் பெற்ற இரட்டைகளையும் காட்டுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாவதைச் சுமந்துகொண்டு ஓடிய நெக்கா; கூடவே வளர்ந்த இகெமெஃபுனா கொல்லப்பட்ட நாளிலேயே உள்ளுக்குள் ஏதோ அறுந்துபோன, ஒகோன்க்வோவின் மகன் நுவோயே. ஊரின் பேச்சில் இடம் கிடைக்காதவர்கள்தான் வெளியே இன்னொரு வாசல் திறந்ததும் நடந்தார்கள்.

அப்படியானால் ஊர் தன் குறையாலேயே விழுந்தது என்று சொல்லலாமா? உன் கட்டுரையின் கடைசிப் பத்தி ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. நான் அங்கே உன்னோடு ஒத்துப்போகவில்லை. அபாமே என்ற ஊருக்கு என்ன ஆனது? சைக்கிளில் வந்த ஒரு வெள்ளையனைக் கொன்றதற்காகச் சந்தை நாளில் சூழ்ந்து ஊரையே சுட்டுத் தீர்த்தார்கள். இது கற்பனைக்காகச் சேர்த்த காட்சி அல்ல. 1905இல் அகியாரா என்ற இடத்தில் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் சைக்கிளில் வழிதவறிப் போய்க் கொல்லப்பட்டார். அதற்குப் பிரிட்டிஷ் படை அந்த வட்டார ஊர்கள் பலவற்றையும் சேர்த்துத் தண்டித்தது. நாவலில் வரும் நில வழக்கையும் மறந்துவிடாதே. நீதிமன்றத் தூதுவர்களுக்குப் பணம் கொடுத்த குடும்பத்துக்கு நிலம் போகிறது. அதையொட்டிக் கொலை செய்தவன் தூக்கில் போடப்படுகிறான். மண்ணைப் பற்றிய நம் வழக்கு அந்த வெள்ளையனுக்குத் தெரியுமா என்று கேட்டால், நம் மொழியே தெரியாதவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் ஒபியெரிகாவின் பதில். நான் சொல்ல வருவது இதுதான்: ஒகோன்க்வோவின் ஊரான உமுவோஃபியா தன் வழக்கங்களைப் பற்றித் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தது. மெதுவாக, அநியாயமாக மெதுவாக. அந்த வழக்கு முடியும் முன்பே துப்பாக்கியோடு வந்தவர்கள் தீர்ப்பை எழுதிக் கையில் கொடுத்தார்கள். விழுந்தது வழக்கங்கள் மட்டும் இல்லை, தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து விழுந்தது.

கதையை வைத்துச் சரித்திரம் பேசலாமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. அச்சிபி பிறந்தது 1930இல். நாவலின் காலம் அதற்கு ஒரு தலைமுறைக்கும் முந்தியது. அவருடைய தந்தை சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற சி.எம்.எஸ். சபையின் உபதேசியார். ஒகிடியில் அந்த வீட்டில் வேதாகமம். அதே ஊரில் மதம் மாறாத உறவினர்களின் வீட்டில் பழைய சடங்கு. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவர் தன் தாத்தா காலத்தை எழுதும்போது அவர் சாட்சி இல்லை, ஆனால் வாரிசு. வாரிசுக்குச் சொத்தும் வரும், கடனும் வரும். அவர் ஏன் எழுதினார் என்பதும் தெரிந்த விஷயம்: ஜாய்ஸ் கேரி 1939இல் எழுதிய ‘மிஸ்டர் ஜான்சன்’ நாவலில் நைஜீரியர்கள் காட்டப்பட்ட விதம் அவரையும் உடன்படித்த மாணவர்களையும் கொதிக்க வைத்தது. கோபத்தில் எழுதினவர் தன் ஊரைப் பொன்னுலகமாகப் பூசியிருக்கலாம். 1958இல் வெளிவந்த நூலில் அவர் அப்படிச் செய்யவில்லை. எறியப்பட்ட குழந்தைகளின் அழுகையையும் சேர்த்தே எழுதினார். தன் ஆட்களைப் பற்றி மறைக்காமல் சொல்கிறவன் வெள்ளையனைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. சபை வந்திராவிட்டால் நெக்காவின் ஐந்தாவது பேறும் காட்டுக்குத்தானே போயிருக்கும்? ஆமாம், போயிருக்கும். ஒபியெரிகாவின் சந்தேகம் முற்றி ஊர் தன்னைத் திருத்திக்கொள்ளும்வரை காத்திரு என்று கர்ப்பிணி ஒருத்தியிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவள் ஓடியது சரி. இந்த உண்மையைப் பழம்பெருமை பேசுகிறவர்கள் விழுங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற அபாமேயின் சந்தையில் யாரையும் சுட வேண்டியிருக்கவில்லை. நிலத்தைக் கைமாற்றிவிட வேண்டியிருக்கவில்லை. ஒரு நன்மையை முன்னே நிறுத்தி அதன் பின்னால் வந்த படையை மறைப்பதும், படையைக் காட்டி நெக்காவை மறைப்பதும் ஒரே வகைத் தவறு.

இனி நம் மலைப்பக்கம் வா. நைஜர் நதிக்கரையில் ஒனிட்சாவுக்கு 1857இல் போன அதே சி.எம்.எஸ். சபையைச் சேர்ந்த ஹென்றி பேக்கர், ஏறத்தாழ அதே காலத்தில் திருவிதாங்கூர் மலைகளில் மலையரையர்களிடையே பள்ளியும் கோயிலும் கட்டிக்கொண்டிருந்தார். 1862இல் அவர்களைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிறகு 1909இல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கி வைத்தார்; மூக்கின் அகலம், தலையின் நீளம் எல்லாம் அளவோடு. அதே ஆண்டில் நம் பாலக்காட்டு இலட்சுமிநாராயணபுரத்துக்காரர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சிப் பழங்குடிகளைப் பற்றிய தம் முதல் தொகுதியை வெளியிட்டார். அரிய உழைப்பு அது, இன்றும் பயன்படுகிறது. ஆனாலும் அந்தப் பக்கங்களில் வழக்கங்கள் இருக்கும். வழக்காடிய மனிதரின் குரல் கேட்காது. மலையரையரின் குரல் புத்தகத்தில் கேட்க 1998 ஆயிற்று. இடுக்கி மாவட்டம் குடயத்தூரில் பிறந்து, தபால் துறையில் வேலை பார்த்த நாராயன் ‘கொச்சரேத்தி’யை அந்த ஆண்டுதான் வெளியிட்டார். மலையாளத்தில் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் எழுதிய முதல் நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். தம் மக்களை அரக்கர்களாகவும் அசடுகளாகவும் மற்றவர்கள் எழுதியதற்கு எதிராகத்தான் அவரும் பேனா எடுத்தார். அவரும் பூச்சு வேலை செய்யவில்லை. மந்திரமும் மருந்தும் அறிந்த கொச்சுராமனைக் கைப்பிடிக்கும் குஞ்ஞிப்பெண்ணு, அவர்கள் மகள் பார்வதி படித்து வேலைக்குப் போகும்போது இரண்டு தலைமுறைக்கும் நடுவே விழும் இடைவெளி, மலையேறி வரும் வனத்துறையும் வியாபாரியும் என்று உள்வழக்கும் வெளிவழக்கும் அதில் பின்னிக்கிடக்கின்றன. அச்சிபியை முடித்த கையோடு நீ அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு விஷயத்தில் மட்டும் உன்னை எச்சரிக்க வேண்டும். உமுவோஃபியாவோடு நம்மைச் சேர்த்துப் பார்த்து, 1956 எல்லைப் பிரிவினையில் கேரளத்தில் தங்கிவிட்ட தமிழரின் நிலையும் அதுதான் என்று எழுதியிருக்கிறாய். கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படிக்கும் உனக்கு அந்த வலி நிஜம். தேவிகுளம், பீர்மேடு பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நீ. ஆனால் மலையில் நாம் எந்தப் பக்கம்? 1877இல் பூஞ்ஞாறு அரசர் ஏறத்தாழ 227 சதுர மைல் மலையை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தபோது, அங்கே வாழ்ந்த முதுவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தத் தோட்டங்களில் நம் முன்னோர் கங்காணிக்குக் கீழே அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் மடிந்தார்கள், உண்மை. அட்டப்பாடியில் கதை வேறு மாதிரி. 1951இல் அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர்; 1971இல் பாதிக்கும் குறைவு. குடியேறியவர்களில் மலையாளிகளும் உண்டு, தமிழர்களும் உண்டு. பறிபோன நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975இல் சட்டம் செய்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வர 1986 ஆயிற்று. மூப்பனும் மண்ணுக்காரனும் தீர்த்துவைத்த மண் வழக்குகள், அவர்களுக்குப் புரியாத மொழியில் பத்திரம் எழுதும் இடங்களுக்குப் போன கதை, ஒபியெரிகா சொன்ன கதைதான்.

பழங்குடிகளின் குறையைப் பேசினால் ஏற்கெனவே அவர்களை இழிவாகப் பார்ப்பவர்களுக்கு வாய்க்கு அவல் கிடைக்கும் என்று சொல்வார்கள். முதுவர் குடிகளின் வாலாய்மைப்புரையை எடுத்துக்கொள். மாதவிடாய் நாட்களில் பெண்கள் தனியே தங்கும் குடிசை அது. வாலாமை என்ற பழந்தமிழ்ச் சொல்லே அதில் இருக்கிறது. இடமலைக்குடியில் அங்கே போவதைத் தவிர்க்கப் பெண்கள் கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவதாகச் செய்திகள் வந்தன. கீழேயிருந்து பார்க்கிறவர் ‘காட்டுமிராண்டி வழக்கம்’ என்று ஒரு பத்தி எழுதுவார், தன் வீட்டுக் கொல்லையில் மூன்று நாள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறந்து. பழமையைக் கொண்டாடுபவர் அந்தக் குடிசையைப் படம் பிடிப்பார். அந்த மாத்திரையை விழுங்கிய பெண் தன் ஊரோடு என்ன வழக்காடினாள் என்பதை அவளோ அவள் மகளோ எழுதும் நாளில்தான் நமக்குத் தெரியும். அதுவரை நம்மிடம் இருப்பது செய்தித் துணுக்குதான். அதை வைத்து நாம் தீர்ப்பு எழுதக் கூடாது.

உன் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பட்டியலை அடிக்கவில்லை, ஓரத்தில் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். திருத்தி எழுதுவதானால் பத்தாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள். கணவன் உஸோவுலுவிடம் ஒன்பது ஆண்டுகள் அடிபட்ட எம்பாஃபோவின் வழக்கு அதில் வருகிறது. கணவன் பேசுகிறான், அவளுடைய சகோதரன் பேசுகிறான், முகமூடிகள் பேசுகின்றன, தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பெரியவர்கள் இவ்வளவு சின்ன விஷயம் எதற்கு முன்னோர் முன்னால் வந்தது என்றுகூடப் பேசிக்கொள்கிறார்கள். எம்பாஃபோ அங்கேதான் நிற்கிறாள். அந்த அத்தியாயம் முழுவதும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவளைப் பேசவிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதி அனுப்பு.

அன்புடன்.